பாண்டிருப்பில் பூனைகள்: ஒரு சிறு வரலாறு

கனடாவின் ரொறன்ரோ நகரில் வசிக்கும் என் தங்கையின் மகள் அண்மையில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சிறிய புத்தகமொன்றின் முதற்பக்கம் அது. பெயர், பிறந்த திகதி, நிறம், போடப்பட்ட தடுப்பூசிகள், அடுத்த ஊசிக்குரிய திகதி ஆகிய விபரங்கள் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. அவள் வளர்க்கும் பூனையின் சுகாதாரப் பதிவேடு. கூடவே ஒரு கேள்வி. "மாமா, ஊரில் அம்மம்மா வீட்டில் எப்போதும் ஏழெட்டுப் பூனைகள் இருந்தன என்று அம்மா சொல்கிறா. அவற்றை எப்படிப் பராமரித்தீர்கள்?"

பராமரிக்கவில்லை என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆயினும் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செய்தித்தாள் மேசையில் கழித்தவனுக்கு ஒரு வரிப் பதில் எழுத மனம் வருவதில்லை. எங்கள் கரையோரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் வயலையும் குளத்தையும் கோயிலையும் பள்ளிவாசலையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு குசினியிலும் சுருண்டு படுத்திருந்த இந்தப் பிராணிக்கு ஒரு பந்தி ஒதுக்கியவர் எவரும் என் கண்ணில் படவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

பாண்டிருப்பை அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வார்த்தைகள். இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், வடக்கே மருதமுனைக்கும் தெற்கே கல்முனைக்கும் இடைப்பட்ட தமிழ்க் கிராமம். கிழக்கே கடல்; மேற்கே வயல். வயலில் விளைந்த நெல் வீட்டுக்கு வந்ததும் எலியும் கூடவே வந்தது. கடலில் கரைவலை இழுத்த நாட்களில் சூடையும் சாளையும் மலிந்தன. எலியும் மீனும் ஒருங்கே கிடைக்கும் ஊரில் பூனைக்கு வேறென்ன வேண்டும்? எவரும் அதை அழைத்து வந்ததாகத் தெரியவில்லை. அதுவாகவே வந்து, அதுவாகவே தங்கிவிட்டது.

வேடிக்கைக்காக நான் இதைச் சொல்லவில்லை. உலகெங்கும் பூனை மனிதனிடம் வந்த கதை இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாயையும் ஆட்டையும் மனிதன் பழக்கினான். பூனையோ மேற்காசியாவின் முதல் உழவர்கள் தானியம் சேமிக்கத் தொடங்கியபோது, அந்தத் தானியத்தைத் தேடிவந்த எலியைத் தேடி வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதனும் பூனையும் அருகருகே புதைக்கப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இன்றைய வீட்டுப் பூனைகளின் மூதாதை அண்மைக் கிழக்கின் காட்டுப்பூனை என்பதை 2007ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது.

நம் இலக்கியத்திலும் இதற்கு நிகரான ஒரு காட்சி உண்டு. குறுந்தொகையின் 107ஆவது பாட்டில், காதலனின் அணைப்பில் உறங்கியிருந்தவளைக் கூவி எழுப்பிவிட்ட சேவலை அவள் சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டு எலிக்காகப் பதுங்கியிருக்கும் இளம் வெருகுக்கு நீ இரையாகப் போ என்பது சாபம். வெருகு என்பதற்கு உரைகாரர்கள் காட்டுப்பூனை எனப் பொருள் கூறுவர். ஆனால் வீட்டு எலியைப் பார்த்துக் காத்திருக்கும் வெருகு முழுக்கக் காட்டுக்கும் உரியதன்று, முழுக்க வீட்டுக்கும் உரியதன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வாசற்படியில் அது நிற்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் வெருகைப் பூசை என வழங்குவதைக் குறிப்பிடுகிறது. கம்பரும் தம் இராமகாதையின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கியே குடித்துவிடலாம் என்று புகுந்த பூசையைத்தான் தமக்கு உவமையாக்கினார். ஆண் பூனையைக் கடுவன் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறோம்.

இனிப் பாண்டிருப்புக்கே உரிய ஒரு செய்தி. எங்கள் ஊரின் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் உற்சவம் நடைபெறும். பாரதக் கதை வெறுமனே படிக்கப்படுவதன்று, நிகழ்த்தப்படுவது. பாண்டவர் வனவாசம் செல்வர், அருச்சுனன் தவநிலைக்குப் போவான், முடிவில் தீமிதிப்பு. ஊர்ப்பெயரையே பாண்டவர் இருப்பு என்று விளக்குவோரும் உண்டு. சிறுவனாக இருந்தபோது தவநிலை நாளில் சனக்கூட்டத்தில் நசுங்கியபடி நின்று பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் செய்தி சேகரிக்கத் தமிழ்நாடு சென்றவேளை மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பத்தின் முன் நின்றேன். அருச்சுனன் தபசு என்பாரும் பகீரதன் தவம் என்பாரும் உளர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. என் கண் போனது அடியில் ஒரு கால் மடக்காமல், முன்னங்கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையிடம். சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன.

அந்தப் பூனையின் கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது. உத்தியோக பருவத்தில், போர் தொடங்குமுன் துரியோதனன் உலூகனைத் தூதனுப்பித் தருமனை இகழ்கிறான். கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவவேடம் பூண்ட பூனையை எலிகள் நம்பி அடைக்கலம் புகுந்தன. தவத்தால் மெலிந்துவிட்டேன், என்னை ஆற்றங்கரைக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்றது பூனை. நாளடைவில் எலிகள் குறைந்தன, பூனை கொழுத்தது. நீயும் அத்தகைய பூனைதான் என்பது துரியோதனனின் ஏளனம். ஆக, பாரதம் வாழும் எங்கள் ஊரில் பூனைக்கு வாய்த்த இலக்கியப் பெயர் போலித் துறவி என்பது. குறுக்கே போனால் சகுனப் பிழை என்ற பழி வேறு. உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரைக் கெடுத்தோம். பூனையைக் கொல்வது பாவம் என்பதோடு நம் தர்மம் நின்றுவிட்டது. மனுநூலின் பதினோராம் அத்தியாயம் பூனையைக் கொன்றவனுக்குப் பிராயச்சித்தம் சொல்கிறது. அதற்குச் சோறிடுவதைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவரும் எந்த நூலையும் மேற்கோள் காட்டியதில்லை.

அடுத்த ஒழுங்கையில் நிலைமை வேறாக இருந்தது. எங்கள் வளவுக்கு வடக்கே சில வேலிகள் தாண்டினால் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன முஸ்லிம் ஊர். பாவுக்குப் போடும் கஞ்சிப் பசைக்காக எலி நூலைக் கடிக்கும்; ஒரு இரவில் ஒரு வாரத்து வேலை பாழாகிவிடும். ஆகவே தறி வீடுகளில் பூனைக்குத் தனி மதிப்பு. எங்கள் பூனை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனை, பகலில் ஒரு தறி வீட்டில் வேறொரு குடும்பத்தின் பூனையாக இருந்ததை நான் பத்து வயதில்தான் கண்டுபிடித்தேன். அந்த வீட்டு ராத்தா மீனைச் சுத்தம் செய்யும்போது முதல் துண்டு அதற்குத்தான். குசினிக்குள் வந்துவிட்டது என்று ஒருநாள் நான் கல்லெடுத்தபோது அவர் என் கையைப் பிடித்தார். "அடிக்காத மனே, வாயில்லாச் சீவன்" என்றார்.

அவரிடமிருந்து கேட்டவற்றைப் பின்னர் நூல்களில் தேடிப் படித்தேன். நபிகள் நாயகத்தின் (ஸல்) பொன்மொழிகளை மிக அதிகமாக அறிவித்த தோழர் அபூஹுரைரா. அந்தப் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்பது பொருள். தொழுகைக்கு முன் சுத்தம் செய்வதற்காக வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அபூ கதாதா என்ற தோழர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். பூனை அசுத்தமானதன்று, உங்களிடையே சுற்றித் திரிவது என்று நபிகள் கூறியதாக அவர் விளக்கினார். இன்னொன்று கடுமையானது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. கொல்லாதே என்பதற்கும் பட்டினி போடாதே என்பதற்கும் இடையே ஒரு வேலி தூரம் இருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எங்கள் பக்கத்திலும் இரக்கமுள்ளவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரக்கம் இருந்தது, அறிவு இரு பக்கத்திலும் இல்லை. அதற்கு என் வீட்டையே சாட்சியாக வைக்கிறேன்.

முதலாவது குட்டிகள். பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடைந்துவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். பால் மறக்குமுன்னரே மறுபடி சினைப்படும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. எங்கள் வீட்டில் இதற்கு இருந்த ஒரே தீர்வு சாக்கு. கண் திறந்த குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கல்முனைச் சந்தையின் மீன் பகுதிக்குப் பின்னால் விட்டுவர வேண்டும். சைக்கிளில் கொண்டுபோகும் வேலை என்னுடையது. மீன் கழிவு இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று அம்மம்மா சொல்வார். தாயில்லாத ஒரு மாதக் குட்டிக்கு மீன் கழிவைத் தின்னத் தெரியாது என்பதை நாங்கள் எவரும் யோசிக்கவில்லை. எத்தனை முறை போனேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை என்பது நாங்கள் கேள்விப்படாத விடயம். மிருக வைத்தியர் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் உரியவர். பூனையைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

இரண்டாவது உணவு. சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்து தேங்காய்ச் சிரட்டையில் வைப்போம். மிஞ்சினால் பால். பூனை என்றாலே பால் என்ற எண்ணம் கம்பர் காலத்திலிருந்தே நமக்கு உண்டல்லவா? வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றோட்டம்தான் மிச்சம். பூனை முழுமையான ஊனுண்ணி. டோரின் என்ற சத்தைத் தன் உடலில் போதிய அளவு அதனால் உருவாக்க முடியாது. இறைச்சி, மீன் வழியாகவே பெறவேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975ஆம் ஆண்டிலும், இதயம் வீங்கித் தளரும் என்பது 1987ஆம் ஆண்டிலும்தான் அமெரிக்க ஆய்வுகளில் வெளிப்பட்டன. ஆகவே எங்கள் அறியாமைக்கு ஓரளவு மன்னிப்பு உண்டு. எங்கள் பூனைகளைக் காப்பாற்றியது நாங்கள் கொடுத்த சோறல்ல, அவை தாமாகப் பிடித்த எலியும் ஓணானும்தான். வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கப்படும் ரொறன்ரோப் பூனைக்கு அந்த வழி இல்லை. சோறும் குழம்பும் கொடுத்தால் அது மெல்ல நோயாளியாகிவிடும். மீனை அவித்தால் டோரின் நீரில் இறங்கிவிடுவதால் அந்த நீரையும் கொட்டாமல் கொடுப்பது நல்லது. பச்சை மீனை நாள்தோறும் கொடுத்தாலும் கேடு; சில மீன்களில் உள்ள நொதியம் உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும்.

மூன்றாவதைச் சொல்ல எனக்குச் சிரமமாக இருக்கிறது. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சாம்பல் பூனை கடுவன்களோடு சண்டையிட்டுக் காயப்பட்டு, காய்ச்சலாகப் படுத்துவிட்டது. ஓரளவு படித்தவன் என்ற தைரியத்தில் பனடோல் ஒன்றைப் பாதியாக உடைத்துக் கரைத்து வாயில் ஊற்றினேன். பின்னேரம் மீதிப் பாதியையும் கொடுத்தேன். இரவு அதன் முகமும் பாதங்களும் வீங்கின. முரசு மண்ணிறமாகிவிட்டது. மூச்சுக்குத் திணறியது. விடியுமுன் இறந்துவிட்டது. காயத்தினால் செத்தது என்றே எல்லோரும் நம்பினோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, பத்திரிகையின் மருத்துவப் பகுதிக்கு வந்த கட்டுரையொன்றைச் செம்மைப்படுத்தியபோதுதான் அறிந்தேன். பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஒரேயொரு வில்லையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்தக் கட்டுரையில் விவரித்திருந்த அறிகுறிகள் ஒவ்வொன்றும் நான் கண்ணால் பார்த்தவை. அன்று அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் அரைமணி நேரம் தாமதித்தது.

தறி வீட்டு ராத்தாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

மனித உயிரோடு சம்பந்தப்பட்டது விசர் நோய். இலங்கையில் இதற்கான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. சட்டமும் மக்களும் நாயையே கண்டார்கள். நோயின் பெயரே விசர்நாய்க்கடி. 1973ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 377 பேர் இந்நோயினால் மாண்டனர். பின்னர் தடுப்பூசியினால் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஆனால் நாய்க்கு அடுத்தபடியாக இந்நாட்டில் இந்நோய் அதிகம் காணப்படும் வீட்டுப் பிராணி பூனைதான் என்பது பலருக்கு இன்றும் தெரியாது. நாய் கடித்தால் ஓடுவோம். பூனை பிறாண்டினால் மஞ்சள் தடவுவோம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் என் தம்பியை ஊர்சுற்றிக் கடுவன் ஒன்று கையில் கடித்தது. அம்மம்மா விசகடி வைத்தியரிடம் கொண்டுபோக ஆயத்தமானார். பாம்புக்கடிக்கு எங்கள் பிரதேசத்தில் பெயர்பெற்றவர்கள் அவர்கள். வைத்தியசாலையில் பணிபுரிந்த மாமா குறுக்கே நின்று, பிடிவாதமாகத் தம்பியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றார். அன்று தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்தப் பழைய ஊசி இன்று வழக்கில் இல்லை. கையில் போடும் புதியது வந்துவிட்டது. மாமாவுக்கும் அம்மம்மாவுக்கும் நெடுங்காலம் பேச்சு இல்லை. கடித்த கடுவன் இரண்டு நாளில் வேலியோரம் செத்துக் கிடந்தது. அதன் தலையை அனுப்பிப் பரிசோதிக்கலாம் என்பதை அறிந்தவர் எவருமிலர், ஆதலால் அதற்கு விசர் இருந்ததா என்பது தெரியாது. தம்பி இருக்கிறான், எனக்கு அது போதும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அரச வைத்தியசாலைகளில் ஊசி இலவசம். நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் அரிதினும் அரிது. வீட்டுப் பூனைக்குக் குட்டிப் பருவத்திலிருந்தே தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்துவந்தால் இந்த ஓட்டமே தேவைப்படாது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது நாங்கள் ஊரை விட்டு வெளியேறினோம். பூனைகளை எவர் எடுத்துச் செல்வார்? தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அச்சத்தோடு பார்த்த காலம் அது. பல மாதங்களுக்குப் பின் திரும்பியபோது வீட்டில் கதவு இல்லை, ஓடு இல்லை, மூன்று பூனைகள் இருந்தன. மெலிந்திருக்கவில்லை. சில நாள் கழித்து வேலியோரம் மீன் தலைகள் வைத்த சிரட்டையைப் பார்த்த பிறகுதான் அதற்கான காரணம் விளங்கியது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; நாட்டிலேயே அதிகம் இங்குதான். செய்தியாளனாக ஊருக்கு வந்தேன். விலங்குகள் முன்கூட்டியே அறிந்து தப்பிவிட்டன என்று யால சரணாலயத்தை உதாரணங்காட்டி உலகப் பத்திரிகைகள் அப்போது எழுதின. எங்கள் கரையில் பூனைகளும் மனிதரோடு செத்துக் கிடந்தன. ராத்தாவின் குடும்பம் தப்பியது, தறிகள் போயின. மூன்றாம் நாள் அவரது குசினி இருந்த இடத்தில், இருந்த இடம் என்று அடுப்புக்கல்லை வைத்துத்தான் கண்டுகொண்டோம், ஒரு கடுவன் அமர்ந்திருந்தது. அதை நான் செய்தியில் எழுதவில்லை. எழுத அப்போது இடமும் இல்லை, மனமும் இல்லை.

மருமகளின் மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். பூனை சோபாவைக் கிழிக்கிறது, மண்பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கிறது என்பன அவளது முறைப்பாடுகள். எங்கள் பூனைகள் நகத்தைத் தேய்க்கத் தென்னையும் முருங்கையும் இருந்தன. மலங்கழிக்கக் கடல்மணல் வளவே இருந்தது. 1947ஆம் ஆண்டில் எட்வர்ட் லோ என்ற அமெரிக்கர் களிமண் துகளைப் பைகளில் இட்டு விற்கத் தொடங்கியதும் பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் வைத்திருப்பது எளிதாயிற்று. வளவைப் பறித்தவர்கள் வளவுக்கு மாற்றீடு தரவேண்டும். கயிறு சுற்றிய உயரமான மரத்தூண் ஒன்றைச் சோபாவுக்கு அருகிலேயே வை. பெட்டியை நாள்தோறும் சுத்தம் செய். அதட்டாதே, மூக்கை அதில் அழுத்தாதே, அது உனக்கு அஞ்சி மறைவிடம் தேடுமேயன்றித் திருந்தாது. பெட்டியில் அடிக்கடி குந்தி வலியோடு முயன்றால் அது குறும்பன்று, நோய். கடுவனாயின் சிறுநீர் அடைத்து ஓரிரு நாளில் உயிர் போகும். லில்லி மலர்களை வீட்டில் வைக்காதே, பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். பனடோலைப் பற்றியும் எழுதினேன். முழுவதையும் எழுதினேன்.

அவள் சென்ற ஆண்டு அம்மாவுக்கு ஒரு பூனைப் பெட்டி அனுப்பியிருந்தாள். கைபிடியும் கம்பிக் கதவும் உள்ள நல்ல பெட்டி. அம்மா அதில் வெங்காயம் வைத்திருக்கிறார். நான் ஊருக்குப் போயிருந்தபோது வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, அவரையும் வெள்ளைப் பூனையையும் முச்சக்கர வண்டியில் ஏற்றித் தடுப்பூசிக்குக் கொண்டுபோனேன். எண்பதை நெருங்கும் அம்மா வழியெல்லாம் கம்பிக்குள் விரலை விட்டு அதோடு பேசிக்கொண்டு வந்தார். ஊசி போட்ட இளைஞர் அட்டையை நிரப்பும்போது பூனையின் பெயரைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

"பூனை எண்டே எழுதுங்க தம்பி" என்றார் அம்மா.